பேராதனையில் எங்கள் கடைசி வருடம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கொண்டாட்டத்தில் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பாடசாலையின் கணித வகுப்பில் ஒன்றாக இருந்து, ஒரே வருடத்தில் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போன நால்வர் நாங்கள். மேடையில் நிற்பது ஒருத்தியாக இருந்தாலும், இது நால்வரும் தொலைபேசியில் கதைத்துக் கதைத்து எழுதிய உரை. சங்கம் முதலில் எங்களுக்குத் தந்த தலைப்பு "பொறியியல் துறையில் பெண்கள்". நாங்கள் வேறொன்று கேட்டோம். பல்கலைக்கழகக் கடைசி வருடத்தைத் தோழிகளோடு எப்படிச் சந்தோஷமாகக் கழித்தோம் என்று சொல்ல விரும்புகிறோம் என்றோம். செயலாளர் அக்கா சிரித்துவிட்டு, "பிள்ளையளுக்கு முன்னால கதைக்கிறியள், படிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கோ" என்றார். படிப்பைப் பற்றித்தான் சொல்லப் போகிறோம்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கமான சொல் இருக்கிறது. "இப்ப படி, பிறகு சந்தோஷமாய் இருக்கலாம்." சாதாரண தரம் முடிந்த பிறகு, உயர்தரம் முடிந்த பிறகு, கம்பஸ் முடிந்த பிறகு, வேலை கிடைத்த பிறகு என்று அந்தப் "பிறகு" தள்ளிக்கொண்டே போகும். பெண்பிள்ளைகளுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப் போகும். சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் அனுபவம் வேறு. கடைசி வருடத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பும் படித்த படிப்பும் ஒரே மேசையில்தான் நடந்தன. அந்தத் தோழமை இல்லாதிருந்தால் எம்மில் ஒருத்தி பட்டம் பெறாமலே போயிருப்பாள். அந்தக் கதையையும் அவளின் சம்மதத்தோடு சொல்கிறோம்.

நாங்கள் 1999இல் பேராதனைக்குப் போனபோது யாழ்ப்பாணத்துக்கும் தெற்குக்கும் தரைவழிப் போக்குவரத்து இருக்கவில்லை. பாஸ் எடுத்து, காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துக் கண்டிக்குப் போனோம். கடலில் சத்தி எடுத்துக் களைத்துப்போய்ப் பெட்டியோடு மகாவலிக் கரையில் நின்றபோது, இவ்வளவு தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை முதன்முதலில் கண்டோம். ஆறில்லாத ஊரில் கிணற்றை நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள்.

விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. இங்கே தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு என்று அழகாகப் படித்துவிட்டுப் போன எங்களுக்கு அங்கே ஸ்ரெஸ், ஸ்ரெயின் என்று கேட்டது புதுப் பாடம் போல இருந்தது. விஷயம் தெரியும், பெயர்தான் தெரியாது. மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் சிங்களத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கும் அதே திண்டாட்டம் என்று தெரிந்த நாளில்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. அந்த இருவரும் அக்குறணையிலிருந்து வந்த இன்னொருத்தியும் எங்களோடு சேர்ந்து எழுவரானோம். முதலில் பேசிக்கொண்டது உடைந்த ஆங்கிலத்தில். கடைசி வருடம் வந்தபோது ஒரு வசனத்தில் மூன்று மொழியும் இருக்கும்.

தங்கைகளே, கம்பஸுக்குப் போனால் நீங்கள் முதலில் கேட்கப்போகும் சொற்களில் ஒன்று "குப்பி". பாடம் விளங்கியவர் விளங்காதவர்களை இருத்திச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்திலிருந்து வந்த பெயர் என்று எங்களுக்குச் சொன்னார்கள். மின்சாரம் இல்லாத வருடங்களில் ஜாம் போத்தலில் திரி போட்டு உயர்தரம் படித்த எங்களுக்கு அந்தச் சொல்லை விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கடைசி வருடத்தில் நாங்களே கனிஷ்ட மாணவிகளுக்குக் குப்பி எடுத்தோம். பகிடிவதை பற்றிப் பெற்றோர் பயப்படுவது எங்களுக்குத் தெரியும். அதைத் தடைசெய்யும் சட்டம் 1998இல் வந்தது. சட்டம் வந்ததால் மட்டும் அது ஒழிந்துவிடவில்லை. நாங்கள் எழுவரும் எடுத்த முடிவு என்னவென்றால், புதிதாக வரும் பிள்ளைகள் எங்களை முதலில் காணும் இடம் குப்பியாக இருக்க வேண்டும் என்பதுதான். சொல்லிக் கொடுத்தபோது எங்களுக்கே பழைய பாடங்கள் தெளிவாகின. இரவில் பிஸ்கற்றும் தேத்தண்ணியும் வைத்து நடந்த அந்தக் குப்பிகள்தான் கடைசி வருடத்தின் மிகப் பெரிய பொழுதுபோக்கு.

எங்களுக்கு முன்னே போனவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். 1960இல் இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் முதலாவது பெண்ணாகச் சேர்ந்தவர் பிறேமளா சிவசேகரம். அப்போது பீடம் கொழும்பில் இருந்தது. ஒரு தமிழ்ப் பெண் தனியாகத் தொடங்கி வைத்த வரிசையில், ஏறத்தாழ நாற்பது வருடங்களுக்குப் பிறகு நாங்கள் நால்வராகச் சேர்ந்தோம். அவருக்கு அந்த வகுப்பில் பக்கத்தில் இருக்க ஒரு தோழி இருக்கவில்லை என்பதை நினைத்தால், எங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிது என்று விளங்கும். மண் பொறியியல் பாடத்தில் இன்னொரு பெயர் வந்தது. களிமண்ணின் நடத்தை பற்றி கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் 1963இல் கட்டுரை வெளியிட்டவர் எங்கள் வடமராட்சியைச் சேர்ந்த பேராசிரியர் அழகையா துரைராஜா. பேராதனையில் பீடாதிபதியாகவும் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். அந்தப் பெயர் வந்ததும் மாத்தறைத் தோழி எங்கள் பக்கம் திரும்பி, "உங்கட ஊர்க்காரர்!" என்று தமிழில் சொன்னாள். அவளுக்கு அப்போது தெரிந்த தமிழ் வசனங்களில் அது ஒன்று.

இனிக் கடைசி வருடத்துக்கு வருகிறோம். எம்மில் இருவர் குடிசார் பொறியியல், ஒருத்தி மின் பொறியியல், ஒருத்தி இயந்திரப் பொறியியல். விரிவுரைகள் பிரிந்துவிட்டன. அதனால் நாங்களாகவே தேடிச் சேர வேண்டியிருந்தது. சேர வைத்தது செயற்றிட்டம்.

குடிசார் பொறியியல் இருவரும் எடுத்த செயற்றிட்டம் நெல் உமிச் சாம்பலைப் பற்றியது. உமியைச் சரியான வெப்பத்தில் எரித்தால் வரும் சாம்பலில் சிலிக்கா நிறைய இருக்கிறது. கொங்கிறீற்றில் சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம். எவ்வளவு சேர்த்தால் பலம் குறையாது என்று பார்ப்பதுதான் வேலை. ஐந்து விதமான கலவை, ஒவ்வொன்றிலும் ஆறு கனக்குற்றி, ஆக முப்பது. ஒரு குற்றி ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீற்றர், நிறை ஏறத்தாழ 8 கிலோ. முப்பதையும் அச்சில் வார்த்து, அடுத்த நாள் அச்சைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டிக்குத் தூக்கிப் போட வேண்டும். பாதியை 7ஆம் நாளும் மீதியை 28ஆம் நாளும் அமுக்கி உடைத்துப் பார்க்க வேண்டும். இருவரால் முடிகிற வேலையா? எழுவரும் வந்தார்கள். அக்குறணைத் தோழி கணினிப் பொறியியல் படித்தவள். கொங்கிறீற்றை முதன்முதலில் கையால் தொட்டது அன்றுதான் என்று சொல்லிச் சொல்லிக் குற்றி தூக்கினாள்.

28 நாள் காத்திருக்கும் காலத்தில் கடன் தீர்த்தோம். மின் பொறியியல்காரியின் சுற்றுப் பலகைக்குப் பற்றாசு பிடிக்க உதவினோம். இயந்திரப் பொறியியல்காரியின் வரைபடங்களைச் சரிபார்த்தோம். அக்குறணைத் தோழியின் அறிக்கையில் எழுத்துப் பிழை பார்த்தோம். 28ஆம் நாள் குற்றி உடையும் சத்தத்தைக் கேட்க எழுவரும் ஆய்வுகூடத்தில் நின்றோம். அளவோடு சாம்பல் சேர்த்த குற்றிகள் 7ஆம் நாள் பின்தங்கி நின்றன, 28ஆம் நாள் நன்றாக எட்டிப் பிடித்தன. ஆய்வுகூடத்தில் நாங்கள் கை தட்டியதைப் பார்த்து உதவியாளர் ஐயா தலையில் கை வைத்தார்.

சும்மா இருந்த நாட்களும் உண்டு, அவற்றையும் மறைக்க மாட்டோம். ஞாயிறு காலையில் ஹந்தானை மலை ஏறி, அட்டை கடிக்கு உப்பும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு இறங்கியிருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு நாங்கள் போனால், மாத்தறைத் தோழியும் சுண்டலுக்காகக் கூட வருவாள். சரச்சந்திர திறந்தவெளி அரங்கில் சிங்கள நாடகம் நடந்தால் எங்களை நடுவில் இருத்தி, இரண்டு பக்கமும் இருந்து காதில் மொழிபெயர்ப்பார்கள். அக்பர் பாலத்தில் மழைக்கு ஒரே குடையில் நால்வர் போய் நால்வரும் நனைந்திருக்கிறோம். வீட்டிலிருந்து வந்த பனங்கிழங்கையும் எள்ளுப்பாகையும் எழுவருக்கும் எண்ணிப் பங்கிட்டோம். இவற்றுக்குச் செலவான பணம் மிகக் குறைவு. எங்களிடம் பணம் இருக்கவும் இல்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏப்ரலில் ஏ9 வீதி மக்களுக்குத் திறந்தது. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிற 321 கிலோமீற்றர் வீதி அது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பிறந்த நாளிலிருந்து அதற்குக் கண்டி வீதி என்றுதான் பெயர். அந்த வீதியில்தான் சைக்கிளில் பாடசாலைக்கு வந்தோம். அதே வீதியால் கண்டிக்குப் போகலாம் என்பது எங்களுக்குக் கடைசி வருடத்தில்தான் நடைமுறையில் தெரிந்தது. 2003 தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போது, மற்ற மூவரையும் அழைத்து வந்தோம். அவர்கள் வீடுகளில் லேசாக விடவில்லை. எங்கள் அம்மாமாரே தொலைபேசியில் கதைத்து, "எங்கட பிள்ளையளை நாலு வருஷம் நீங்கள் பாத்தியள், மூண்டு நாள் நாங்கள் பாக்கிறம்" என்று சொன்ன பிறகுதான் சம்மதம் கிடைத்தது.

ஓமந்தையில் இறங்கிச் சோதனை, பிறகும் சோதனை, முகமாலையில் மறுபடி சோதனை. வழி நெடுக மண்டையோடு வரைந்த கண்ணிவெடிப் பலகைகளும் தலை போன பனைகளும். பஸ்ஸில் அவர்கள் மூவரும் நெடுநேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. யாழ்ப்பாணம் வந்து, கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிய பிறகுதான் பழைய சிரிப்பு திரும்பியது. "உங்கட ஆறு எங்கே?" என்று குருநாகல் தோழி கேட்டாள். ஆறு இல்லை, மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம் என்று விளங்கப்படுத்தினோம். முற்றத்தில் பொங்கியபோது பால் எந்தப் பக்கம் சரியும் என்று பந்தயம் பிடித்தார்கள். அக்குறணைத் தோழிக்கென்று அம்மா தனிச் சட்டியில் புக்கை வைத்தார். அடுத்த நாள் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போனோம். அம்மன் கோயிலுக்கும் விகாரைக்கும் எழுவருமாகப் போய் வந்தோம்.

அந்தப் பொங்கலுக்கு எங்களில் ஒருத்தியின் வீட்டில் வேறொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் சித்திரைக்குள் கலியாணம் வேண்டும் என்றார்கள். இறுதிப் பரீட்சை அதற்குப் பிறகுதான். "பட்டம் எங்கை ஓடப்போகுது? அங்கை போயும் படிக்கலாம். இப்பிடி ஒரு இடம் திரும்பி வராது" என்பது அவளின் அம்மாவின் வாதம். பாதை எப்போது மூடும் என்று தெரியாத ஊரில், இரண்டு தடவை வீட்டை விட்டு ஓடிய தாய் ஒருவர் அப்படி நினைப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. அவளோ வாய் திறக்காமல் இருந்தாள். விடுதியில் எங்களிடம் அழுதாள், வீட்டில் அழவில்லை.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த வீட்டின் பின்பக்கத்துக்குக் கூரை இல்லை. பாதை திறந்து சீமெந்து தாராளமாக வந்ததும் அந்தப் பக்கத்துக்குப் பிளாட் போடத் தொடங்கியிருந்தார்கள். பொங்கல் முடிந்து இரண்டாம் நாள் மேசன்மார் கொங்கிறீற்றுக் குழைக்க வந்தார்கள். அவள் போய்க் கிணற்றுத் தண்ணீரைக் கையில் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள். சவர்த் தண்ணீர். "இந்தத் தண்ணியிலே குழைச்சால் உள்ளுக்கு இருக்கிற கம்பி கறள் பிடிக்கும், ஐயா. கோயில் கிணற்றில நல்ல தண்ணி எடுப்பம்" என்றாள். பிறகு ஒரு மூட்டை சீமெந்துக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் என்று கணக்குச் சொன்னாள். 50 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ 25 லீற்றர், மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவு. தண்ணீர் கூடினால் குழைக்கவும் பரப்பவும் லேசு, ஆனால் காய்ந்த பிறகு பலம் குறையும். வயதான மேசன் ஐயா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவளின் அம்மாவிடம் திரும்பி, "பிள்ளை சொல்லுறது சரி அம்மா. நாங்கள் லேசுக்காகத்தான் தண்ணி விடுறது" என்றார்.

கோயில் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. தோழிகள் மூவரும் வாளி எடுத்தார்கள். அவள் நின்று வேலையைப் பார்த்தாள். பிளாட்டை எத்தனை நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அன்று இரவு எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு நின்ற அம்மா, மாத்தறைத் தோழியிடம் கேட்டார்: "சோதனை எப்ப பிள்ளை முடியும்?" அவளுக்குத் தமிழ் போதவில்லை. விரலை மடித்து மடித்து மாதம் எண்ணிக் காட்டினாள். "அவ்வளவுதானே" என்றார் அம்மா. மறுநாள் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்து, பரீட்சை முடியும் வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பொறுத்தார்கள். கேட்டபோதுதான் தெரிந்தது, மாப்பிள்ளைக்கு அவசரமே இருக்கவில்லை.

அவள் பட்டத்தோடு லண்டனுக்குப் போனாள். இன்றும் பொறியியலாளராகத்தான் வேலை செய்கிறாள். அந்தப் பிளாட் இருபது வருடத்துக்கு மேலாக ஒழுகாமல் இருக்கிறது. அவளின் அம்மா இப்போதும் வீட்டுக்கு வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவார்.

இறுதிப் பரீட்சைக்கு எழுவரும் மாறி மாறிக் குப்பி எடுத்தோம். ஒருத்தி சோர்ந்தால் மற்றவள் எழுப்பினாள். எழுவரும் சித்தியடைந்தோம். விடுதியை விட்டு வந்த நாளில் பெட்டி கட்டியதைவிட அழுததுதான் கூட. பிறகு நிலைமை மாறியது. 2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடியது. அடுத்து வந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்பதை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் எங்கள் வீடுகளுக்கு மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் தொலைபேசி வந்தது. "அம்மா எப்பிடி?" என்று தமிழிலேயே கேட்டார்கள்.

தங்கைகளே, இன்று பொறியியல் படிக்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014 முதல் படிப்பித்து வருகிறது. அங்கே தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நாங்கள் மகாவலிக் கரையில் பெட்டியோடு நின்றது போல அவர்கள் அங்கே வந்து நிற்பார்கள். நீங்கள் அங்கே போனால், பாடம் முடிந்ததும் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். விடுதியில் இருங்கள், குப்பியில் இருங்கள். ஒரு பொங்கலுக்காவது அவர்களை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போனால், உங்களைக் கூப்பிடுபவர்களின் வீட்டுக்குப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டுப் போய் வாருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையின் தோழிகளைப் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருங்கள். "படிக்கப் போனியா, கூட்டாளி பிடிக்கப் போனியா?" என்று கேட்காதீர்கள். இரண்டுக்கும்தான் போகிறார்கள். கடைசி வருடத்தில் நல்ல சம்பந்தம் வந்தால், பரீட்சை முடியும் வரை பொறுக்கச் சொல்லி ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பொறுக்க மாட்டாத இடமென்றால், அதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டது நல்லதுதானே.

அதிபர் அவர்களிடமும் சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். கணித வகுப்பில் பிள்ளைகள் குறைவு என்பதற்காக அந்த வகுப்பை வேறு பாடசாலையோடு சேர்த்துவிடும் யோசனை அவ்வப்போது வருவதாக அறிகிறோம். நாங்கள் படித்த காலத்திலும் அந்த வகுப்பில் பதினொரு பேர்தான். பதினொரு பேருக்காக ஆசிரியர்கள் முழுமையாகப் படிப்பித்ததால்தான் நால்வர் ஒன்றாகப் போக முடிந்தது. அந்த வகுப்பு இங்கேயே இருக்க வேண்டும். அதற்கு மாதம் ஒரு முறை வந்து இணைந்த கணிதத்துக்குக் குப்பி எடுக்க எங்களில் ஊரில் இருக்கும் இருவரும் தயார். வெளிநாட்டில் இருக்கும் இருவரும் கணினி வழியாக வருவார்கள். முதலாவது குப்பி வருகிற மாதம் முதற் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எங்கள் பழைய கணித வகுப்பறையில். தேத்தண்ணியும் பிஸ்கற்றும் எங்கள் பொறுப்பு.